அறுவை சிகிச்சை இல்லாமல் ஈறு நோயைக் கட்டுப்படுத்த முடியுமா? 5 மி.மீ., 7 மி.மீ. அளவுகள் பற்றிய ஐயம்

மாலைவெயில் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 46. சில ஆண்டுகளாகப் பல் துலக்கும்போது ஈறுகளில் இரத்தம் கசிகிறது. வலி ஒருபோதும் இருந்ததில்லை. அண்மையில் பல் மருத்துவர் ஒருவர் ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் மெல்லிய அளவுக்கம்பியை ஈற்றின் ஓரமாக உள்ளே செலுத்தி அளந்தார். எக்ஸ்ரேயும் எடுத்துப் பார்த்துவிட்டு, இது வெறும் ஈறு வீக்கமாக நிற்கவில்லை என்றும், பல்லைத் தாங்கும் எலும்பு வரை பரவிய பெரியோடான்டைட்டிஸ் என்றும் கூறினார். முன்பற்களில் 3 அல்லது 4 மி.மீ., பக்கப் பற்கள் பலவற்றில் 5 மி.மீ., கீழ்க் கடைவாய்ப்பற்கள் இரண்டில் 7 மி.மீ. எனக் குறித்துக் கொடுத்திருக்கிறார். முதலில் ‘டீப் கிளீனிங்’ செய்துவிட்டு, பிறகு தேவைப்பட்டால் ஈற்றைத் திறந்து சுத்தம் செய்யும் அறுவை சிகிச்சையைப் பற்றி முடிவெடுக்கலாம் என்பது அவர் கருத்து.

இன்னொருவரின் கருத்தையும் கேட்டுவிடலாம் என்று வேறோர் இடத்துக்குச் சென்றபோது, லேசர், ஈற்றுப் பைக்குள் வைக்கும் மருந்து, ஆன்டிபயாட்டிக் மாத்திரை ஆகிய மூன்றையும் ஒரே தொகுப்பாகச் செய்துகொண்டால் அறுவையே வேண்டியிராது என்றார்கள். எதை நம்புவது என்று தெரியவில்லை. அறுவை இல்லாத சிகிச்சையால் இந்த அளவுகள் உண்மையில் எவ்வளவு குறையும்? போன எலும்பு திரும்ப வருமா? லேசரும் மருந்துகளும் கூடுதல் பயன் தருகின்றனவா? இந்தத் துறையை அறிந்தவர்களும், சிகிச்சை பெற்றவர்களும் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

வேர்நலன் (பதில்):

நான் ஈறு சிகிச்சையைச் சிறப்புப் பாடமாகப் பயின்று தொழில் செய்பவன். தங்கள் வாயை நேரில் பார்க்காமல் தங்களுக்கென்று சிகிச்சை சொல்ல முடியாது. ஆனால் தாங்கள் கேட்டவை பெரும்பாலும் பொதுவாக விளக்கக் கூடியவையே.

முதலில் அந்த எண்களைப் பற்றிச் சொல்கிறேன். ஆரோக்கியமான ஈற்றிலும் பல்லுக்கும் ஈற்றுக்கும் இடையே 1 முதல் 3 மி.மீ. வரை ஓர் இடைவெளி உண்டு. 4 மி.மீ. அல்லது அதற்கு மேல் கம்பி இறங்கினால் அதை ஈற்றுப் பை, அதாவது பாக்கெட் என்கிறோம். ஒரு பல்லுக்கு ஆறு இடங்களில் அளப்பது வழக்கம்; ஏனெனில் ஒரே பல்லின் ஒரு பக்கம் நலமாகவும் மறுபக்கம் ஆழமாகவும் இருக்கலாம். ஆழத்தோடு, அளக்கும்போது இரத்தம் கசிகிறதா என்பதையும் குறிக்க வேண்டும். இரத்தம் கசியாத 4 மி.மீ. பையைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுவதில்லை. கசியும் 5 மி.மீ. பையைப் பற்றிக் கவலைப்படுவேன்.

ஈறு வீக்கத்துக்கும் பெரியோடான்டைட்டிஸுக்கும் உள்ள வேறுபாடு தங்கள் கேள்விக்கு அடிப்படையானது. 1965-இல் ஹெரால்ட் லோயும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஆய்வில், நலமான ஈறு உடையவர்கள் பல் துலக்குவதை நிறுத்தியபோது மூன்று வாரங்களுக்குள் அனைவருக்கும் ஈறு வீக்கம் வந்தது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் அது சில நாள்களில் மறைந்தது. ஆகவே வீக்கம் முழுமையாகத் திரும்பக்கூடியது. பல்லின் மேல் படியும் நுண்ணுயிர்ப் படலத்துக்கு எதிராக உடல் காட்டும் எதிர்வினை கட்டுமீறி, பல்லை எலும்போடு பிணைக்கும் நார்களையும் எலும்பையும் கரைக்கத் தொடங்கினால் அது பெரியோடான்டைட்டிஸ். இதில் போன எலும்பு சுத்தம் செய்வதால் மட்டும் பெருமளவில் திரும்பி வராது. நோயை நிறுத்தலாம், நிறுத்திய நிலையிலேயே பல ஆண்டுகள் வைத்திருக்கலாம். எந்தச் சிகிச்சைக்கும் இந்த இலக்கை மனத்தில் வைத்துச் சென்றால் ஏமாற்றம் இராது.

‘டீப் கிளீனிங்’ என்று தங்களிடம் சொன்னது, ஈற்றுக்குக் கீழே வேரின் மேல் ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்ப் படலத்தையும், அது கெட்டிப்பட்டு உருவாகும் காரையையும் அகற்றும் பணி. ஸ்கேலிங், ரூட் பிளேனிங் என்ற பெயர்களும் அதற்கே வழங்குகின்றன. மரத்துப்போகும் ஊசி போட்டுவிட்டு, அதிரும் அல்ட்ராசோனிக் கருவியாலும், வேரின் வளைவுக்கேற்ப வளைந்த கைக்கருவிகளாலும் செய்வோம். இரண்டு வகைக் கருவிகளும் ஏறத்தாழ ஒரே பலனைத் தருகின்றன. அவற்றைக் கையாளும் கைதான் முக்கியம். முன்பெல்லாம் வேரின் மேற்பரப்பை நன்றாகச் சுரண்டி வழவழப்பாக்க வேண்டும் என்று கற்பித்தார்கள். நுண்ணுயிர்களின் நச்சுப்பொருள் வேருக்குள் ஆழமாக ஊறுவதில்லை என்று தெரிந்த பிறகு, வேரைத் தேய்க்காமல் படிவை மட்டும் அகற்றினால் போதும் என்ற நிலைக்கு வந்திருக்கிறோம்.

அளவு எவ்வளவு குறையும் என்று கேட்டிருந்தீர்கள். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், ஆறு முதல் எட்டு மாதங்களில் பையின் ஆழம் சராசரியாக 1.7 மி.மீ. குறைகிறது, தொடக்கத்தில் 4 முதல் 6 மி.மீ. இருந்த இடங்களில் சுமார் 1.5 மி.மீ., 7 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்த இடங்களில் சுமார் 2.6 மி.மீ. பைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு மூடிக்கொள்கின்றன. எனவே தங்கள் 5 மி.மீ. இடங்களில் பெரும்பாலானவை அறுவை இல்லாமலே சரியாகக்கூடும். 7 மி.மீ. இடங்கள் 5-க்கு இறங்கி அங்கேயே நின்றுவிடவும் கூடும். ஆழம் குறைவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு: வீங்கியிருந்த ஈறு வற்றிக் கீழிறங்குவது ஒன்று, ஈற்றின் உட்புறத் தோல் வேரோடு நெருக்கமாக ஒட்டிக்கொள்வது மற்றொன்று. புதிய எலும்பு முளைப்பதால் குறைவது மிகச் சிறிதே.

இதில் ஒரு நுட்பத்தையும் சொல்ல வேண்டும். 1982-இல் லிண்டே குழுவினர் கண்டபடி, ஏறத்தாழ 2.9 மி.மீ.க்கும் குறைவான ஆழமுள்ள இடத்தில் ஈற்றுக்குக் கீழே கருவி செலுத்தினால், ஈறு பல்லோடு ஒட்டியிருக்கும் பிடிப்பு கூடுவதற்குப் பதிலாகக் குறைகிறது. ஆகவே 3 மி.மீ. உள்ள தங்கள் முன்பற்களுக்கும் ‘முழு வாய் டீப் கிளீனிங்’ என்று யாராவது பட்டியலிட்டால், அங்கு அது எதற்காக என்று தயங்காமல் கேளுங்கள்.

அறுவை பற்றிய முடிவை இப்போது எடுக்க வேண்டியதே இல்லை. சுத்தம் செய்து ஏறத்தாழ மூன்று மாதங்கள் கழித்து மீண்டும் அளக்க வேண்டும். அப்போது இரத்தம் கசியும் 4 அல்லது 5 மி.மீ. இடங்கள் எஞ்சியிருந்தால் அவற்றை மறுபடி சுத்தம் செய்வது பொருத்தம். 6 மி.மீ.க்குக் குறையாத இடங்கள் எஞ்சியிருந்தால்தான், அந்த இடங்களுக்கு மட்டும், ஈற்றைத் திறப்பது பற்றிப் பேச வேண்டும். தங்கள் முதல் மருத்துவர் சொன்ன வரிசை, ஐரோப்பிய ஈறு மருத்துவக் கூட்டமைப்பு 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலுடன் ஒத்துப்போகிறது.

கார்காலம் (பதில்):

நான் மருத்துவம் சார்ந்தவள் அல்லள். இந்தச் சிகிச்சையைப் பெற்றவள். வேர்நலன் ஐயா எழுதியதில் நோயாளியின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன்.

சிகிச்சையின்போது வலி தெரியாது. அதன்பின் சில நாள்கள் ஈறு புண்பட்டதுபோல் இருக்கும். ஆனால் குளிர்ந்த நீர் குடித்தால் சுரீர் என்று கூசுவது சில வாரங்கள் நீடித்தது. வீக்கம் வற்றியதும் அதுவரை மூடப்பட்டிருந்த வேர் வெளியே தெரிவதால் ஏற்படும் கூச்சம் அது. கூச்சத்தைக் குறைக்கும் பற்பசையைப் பயன்படுத்தச் சொன்னார்கள், மெல்லக் குறைந்தது. என்னை அதிகம் கலங்கவைத்தது கண்ணாடியில் கண்டதுதான். பற்கள் நீண்டு தெரிந்தன. முன்பற்களுக்கிடையே கறுத்த முக்கோண இடைவெளிகள் தோன்றின. சிகிச்சைதான் பல்லைக் கெடுத்துவிட்டதோ என்று எண்ணினேன். ஈறு அவ்வளவு வீங்கி, இல்லாத எலும்பை மறைத்துக்கொண்டிருந்தது என்பதை மருத்துவர் எக்ஸ்ரேயைக் காட்டி விளக்கிய பிறகே புரிந்தது. இதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். குறிப்பாக முன்பற்களில் ஆழம் இருப்பவர்கள்.

‘ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும்’ என்று பலரும் சொல்வதற்கும் இதுவே அடிப்படை என்று நினைக்கிறேன். ஆடும் பற்களைக் காரைதான் சிமெண்ட் பூசியதுபோல் சேர்த்துப் பிடித்திருக்கிறது. அதை எடுத்ததும் ஆட்டம் வெளியே தெரிகிறது. எனக்குச் சற்றே ஆடிய ஒரு பல் சில மாதங்களில் இறுகிவிட்டது.

இதற்கு முன்பு நான் ஆண்டுதோறும் பல் சுத்தம் செய்துகொண்டுதான் இருந்தேன். அங்கே ஒருமுறைகூட ஈற்றின் ஆழத்தை யாரும் அளக்கவில்லை. ஈற்றுக்கு மேலே தெரிந்த காரையை எடுத்து, மெருகேற்றி அனுப்பிவிட்டார்கள். பார்வைக்குப் பற்கள் பளிச்சென்று இருந்ததால் உள்ளே நடந்தது வெளிப்படவே இல்லை. அளவுகளை எழுதித் தரும் மருத்துவர் கிடைத்திருக்கிறார் என்றால் அவரை விட்டுவிடாதீர்கள்.

வீட்டில் செய்வதில் பெரிய மாற்றம், பல்லிடைத் தூரிகைதான். இடைவெளிகள் ஒரே அளவில் இருப்பதில்லை. ஆகையால் எனக்கு இரண்டு மூன்று அளவுகள் தேவைப்பட்டன. எந்த இடத்துக்கு எந்த அளவு என்பதை மருத்துவமனையிலேயே நுழைத்துப் பார்த்துக் குறித்துக் கொடுத்தார்கள். சற்று இறுக்கமாக நுழைய வேண்டும், ஆனால் திணிக்கக் கூடாது. முதல் வாரம் இரத்தம் வரும். அதைக் கண்டு நிறுத்திவிடக் கூடாது. தூரிகை நுழையாத நெருக்கமான இடங்களில் மட்டும் பல்லிடை நூல்.

திறந்தகண் (பதில்):

அந்தத் ‘தொகுப்பு’ பற்றி மட்டும் எழுதுகிறேன். மருந்தியல் என் துறை.

லேசரிலிருந்து தொடங்குவோம். சுத்தம் செய்வதோடு லேசரையும் சேர்ப்பதால் கிடைக்கும் கூடுதல் பலன், இதுவரை வந்த ஆய்வுகளில் நம்பத்தக்க அளவில் இல்லை என்பதால், வேர்நலன் குறிப்பிட்ட அதே வழிகாட்டுதல் அதனைத் துணைச் சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை. சாயத்தைப் பூசி ஒளியைப் பாய்ச்சும் ஒளிவினைச் சிகிச்சைக்கும் அதே தீர்ப்புதான். லேசரால் தீங்கு என்று நான் சொல்லவில்லை. ஆனால், ‘லேசர் செய்தால் அறுவை வேண்டாம்’ என்ற வாக்குறுதியில் அறுவையைத் தவிர்த்தது லேசரா, அதோடு செய்த சாதாரணச் சுத்தமா என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. சுத்தம் மட்டுமே நான்கில் மூன்று பைகளை மூடக்கூடியது என்னும்போது, உடன் எதைச் சேர்த்தாலும் அது வெற்றி பெற்றதாகத்தான் தோன்றும். விளம்பரங்கள் செழிப்பது இந்த இடத்தில்தான்.

பைக்குள் வைக்கும் மருந்துகள் வேறு வகை. 2.5 மி.கி. குளோர்ஹெக்சிடின் கொண்ட சிறு சில்லு, டாக்ஸிசைக்ளின் ஜெல், மினோசைக்ளின் நுண்மணிகள் ஆகியவை சில நாள்கள் பைக்குள்ளேயே மெல்ல மருந்தை வெளிவிடும். இவற்றால் சிறிதளவு கூடுதலாக ஆழம் குறைவது ஆய்வுகளில் தெரிகிறது. அந்தச் சிறிதளவும் நீண்ட காலத்துக்கு நிலைக்கும் என்று சொல்ல முடியாது. எல்லாப் பைகளிலும் முதல் நாளே நிரப்புவதைவிட, மூன்று மாத மறு அளவீட்டில் பிடிவாதமாக எஞ்சி நிற்கும் ஓரிரு இடங்களுக்கு இவற்றைக் கருதலாம் என்பது என் கருத்து. சுத்தம் செய்யாமல் இவற்றை வைப்பதில் பொருளே இல்லை, ஏனெனில் மருந்து படலத்துக்குள் ஊடுருவாது.

ஆன்டிபயாட்டிக் மாத்திரை விஷயத்தில் நான் சற்றுக் கடுமையாகவே இருப்பேன். அமாக்ஸிசிலினும் மெட்ரோனிடசோலும் சேர்த்துக் கொடுத்தால் ஆழம் கூடுதலாகக் குறைகிறது என்பது உண்மை. இருந்தும் அவற்றை வழக்கமாக எல்லாருக்கும் கொடுக்கக் கூடாது என்பதற்குக் காரணம், மருந்தெதிர்ப்பு பெற்ற நுண்ணுயிர்கள் பெருகுவதும் பக்கவிளைவுகளும்தான். இளம் வயதிலேயே வாய் முழுவதும் வேகமாக எலும்பு கரையும் நோயாளிகள் போன்ற சிலருக்கே அவை பொருந்தும். 46 வயதில் இரண்டு கடைவாய்ப்பற்களில் மட்டும் 7 மி.மீ. இருப்பவர் அந்த வகையில் வருவதாக எனக்குத் தோன்றவில்லை. மெட்ரோனிடசோல் உட்கொள்ளும் காலத்தில் மதுவைத் தவிர்க்க வேண்டும் என்பதும், இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு அது இரத்தக் கசிவு அபாயத்தைக் கூட்டும் என்பதும் பலரிடம் சொல்லப்படாமலே போகின்றன.

20 மி.கி. டாக்ஸிசைக்ளினை நாளுக்கு இருமுறை மாதக்கணக்கில் கொடுக்கும் முறையும் உண்டு. அந்த அளவு நுண்ணுயிரைக் கொல்லாது. இணைப்புத்திசுவைக் கரைக்கும் நொதிகளை மட்டுமே அடக்கும். கருத்து அழகானது, பலன் மிதமானது. மாதக்கணக்கில் ஒரு மாத்திரையைத் தொடர்வதற்கு ஈடான பலன் அது என்று நான் எண்ணவில்லை.

மவுத்வாஷ் பைக்குள் இறங்காது. குளோர்ஹெக்சிடின் கொப்புளிப்பு, சுத்தம் செய்த பின் துலக்க முடியாத அளவுக்குப் புண் இருக்கும் சில நாள்களுக்கு உதவும். வாரக்கணக்கில் தொடர்ந்தால் பற்களில் பழுப்புக் கறை படியும், நாக்கின் சுவையும் மாறும். பல் துலக்கிய உடனே அதைக் கொப்புளித்தால் பற்பசையிலுள்ள நுரைப்பொருள் அதன் செயலைக் குறைக்கும். அரை மணி நேரமாவது இடைவெளி விடுவது நல்லது. உப்பு நீர் இதமளிக்கும், அவ்வளவே.

மாலைவெயில்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. முதல் மருத்துவரிடமே செல்ல முடிவு செய்துவிட்டேன். இன்னும் மூன்று ஐயங்கள். எனக்கு நீரிழிவு உண்டு, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி கடைசியாகப் பார்த்தபோது 8.1 சதவீதம். நாள்தோறும் குறைந்த அளவு ஆஸ்பிரின் எடுக்கிறேன். சிகரெட் பழக்கமும் ஓரளவு உண்டு. இவற்றை மருத்துவரிடம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. இவை சிகிச்சையைப் பாதிக்குமா? ஒரே நாளில் முழு வாயையும் சுத்தம் செய்துகொள்வது நல்லதா, பகுதி பகுதியாகச் செய்துகொள்வது நல்லதா? அதன்பின் எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை செல்ல வேண்டும்?

வேர்நலன்:

மூன்றையும் அவசியம் சொல்லுங்கள். சிகிச்சை தொடங்கும் முன்பே சொல்லுங்கள். இவற்றுள் சிகரெட்டைத்தான் நான் முதலில் வைப்பேன். புகைப்பவர்களின் ஈற்றில் வீக்கமும் இரத்தக் கசிவும் குறைவாகத் தெரிவதால், நோய் உள்ளதைவிடக் குறைவாகத் தோன்றும். அதே சுத்தத்தை அதே கை செய்தாலும், புகைக்காதவர்களுக்குக் குறையும் அளவுக்கு அவர்களுக்கு ஆழம் குறைவதில்லை. லேசருக்கோ மருந்துச் சில்லுக்கோ செலவிடுவதற்கு முன் இந்தப் பழக்கத்தை விடுவதற்கு உதவி பெறுங்கள். அதைவிடப் பெரிய துணைச் சிகிச்சை எதுவும் என்னிடம் இல்லை.

நீரிழிவும் ஈறு நோயும் ஒன்றையொன்று வளர்ப்பவை. சர்க்கரை கட்டுக்கடங்காதபோது ஈறு ஆறுவது தாமதமாகும். மறுபுறம், ஈறு நோய்க்குச் சிகிச்சை பெற்ற நீரிழிவு நோயாளிகளின் எச்பிஏ1சி மூன்று, நான்கு மாதங்களில் சராசரியாக 0.4 சதவீதப் புள்ளி அளவுக்குக் குறைவதை ஆய்வுத் தொகுப்புகள் காட்டுகின்றன. எனவே தங்கள் நீரிழிவு மருத்துவருக்கும் இந்தச் சிகிச்சையைத் தெரிவியுங்கள். சிகிச்சை நாளில் உணவையும் வழக்கமான மருந்தையும் தவிர்க்காமல் செல்லுங்கள்.

குறைந்த அளவு ஆஸ்பிரினைச் சுத்தம் செய்வதற்காக நிறுத்த வேண்டியதில்லை என்பதே பொது நடைமுறை. தாமாக ஒருபோதும் நிறுத்திவிடாதீர்கள். சற்றுக் கூடுதலாகக் கசியும் இரத்தத்தை அழுத்திப் பிடித்தே நிறுத்திவிடலாம். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவராக இருந்தால் அதன் பெயரையும் சொல்லுங்கள். நிஃபெடிபின், அம்லோடிபின் போன்றவை சிலருக்கு ஈற்றைத் தடிக்கச் செய்து, உண்மையான எலும்பிழப்பு இல்லாமலே அளவுக்கம்பியில் ஆழத்தைக் கூட்டிக் காட்டும்.

ஒரே நாளா, பகுதி பகுதியா என்ற கேள்வியில் நெடுங்காலம் விவாதம் நடந்தது. சுத்தம் செய்த பகுதிக்கு, செய்யாத பகுதியிலிருந்து நுண்ணுயிர்கள் மீண்டும் பரவும் என்று கருதி 24 மணி நேரத்துக்குள் முழு வாயையும் முடிக்கும் முறையை 1990-களில் முன்வைத்தார்கள். பின்னர் ஒப்பிட்டுப் பார்த்ததில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. தங்களுக்கு எது வசதி, வாய் முழுவதும் மரத்துப்போவதைத் தாங்க முடியுமா என்பதைக் கொண்டே முடிவு செய்யலாம். நீரிழிவு உள்ளவர் என்பதால், நீண்ட நேரம் அமர்ந்து உணவு தவறும்படி ஆகாமல், காலையில் இரண்டு அமர்வுகளாகச் செய்வதை நான் விரும்புவேன்.

அதன்பின் தொடக்கத்தில் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை. நன்றாகச் சுத்தம் செய்த பையிலும் நுண்ணுயிர்ப் படலம் சில வாரங்களில் மெல்ல மீண்டும் உருவாகத் தொடங்கும் என்பதே இந்த இடைவெளிக்குக் காரணம். நிலை சீரானால் இடைவெளியை நீட்டலாம், ஆனால் ஓராண்டைத் தாண்டக் கூடாது. பராமரிப்புக்கு வரும்போது வேரைத் திரும்பத் திரும்பக் கருவியால் தொடாமல், மென்மையான தூளைக் காற்றோடும் நீரோடும் பீய்ச்சிப் படலத்தை அகற்றும் வசதி இருந்தால் அது கூச்சம் குறைவானது.

அந்த இரண்டு கடைவாய்ப்பற்களைப் பற்றி மருத்துவரிடம் குறிப்பாக ஒன்று கேளுங்கள்: எலும்பு வேர்கள் பிரியும் கவட்டுக்குள் கரைந்திருக்கிறதா, வேரின் ஒரு பக்கத்தில் குழியாகச் செங்குத்தாக இறங்கியிருக்கிறதா, அல்லது எல்லாப் பக்கமும் சமமாகக் குறைந்திருக்கிறதா? சமமாகக் குறைந்திருந்தால் சுத்தம் மட்டுமே நல்ல பலன் தர வாய்ப்புண்டு. கவட்டின் வாய் பல பற்களில் நம் கைக்கருவியின் முனையைவிடக் குறுகலானது. அதற்குள் எவ்வளவு திறமையானவரும் முழுமையாகச் சுத்தம் செய்ய முடியாது. செங்குத்தான ஆழ்குழியாக இருந்தால், எலும்பை ஓரளவு மீட்கும் வாய்ப்பு இருப்பதே அறுவை வழியில்தான்; அப்படிப்பட்ட இடத்தில் அறுவையைத் தவிர்ப்பது தங்களுக்கு இழப்பாக முடியக்கூடும். மறு அளவீட்டுத் தாள் கைக்கு வந்ததும், இப்போதைய தாளோடு சேர்த்து இங்கே பதிவிட்டால், அந்த இரண்டு பற்களைப் பற்றி இன்னும் தெளிவாகப் பேசலாம்.